கப்பல் வேலையில் காயம், நிரந்தர இயலாமை: சிங்கப்பூரில் இழப்பீடு கோர முழுமையான வழிகாட்டி

மூரிங் கயிறு (கப்பலைக் கரையோடு கட்டும் கயிறு) அறுந்து கை முறிந்தவர், கப்பலுக்கு எரிபொருள் நிரப்பும் பங்கர் பார்ஜில் குழாய் இணைக்கும்போது விரல் நசுங்கியவர், எஞ்சின் அறைப் படியில் வழுக்கி விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர் என்று பலரும் சிங்கப்பூரில் கரையிறக்கப்படுகிறார்கள். அவர்களுக்குப் பணம் கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்பதைக் காயத்தின் கடுமை மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்தச் சட்டப்படி கேட்கிறார், முதல் சில நாட்களில் கப்பலில் என்ன எழுதப்பட்டது, எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார் ஆகிய மூன்றும் அதே அளவுக்கு முக்கியம். இங்கே தமிழர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

முதலில்: உங்களுக்கு எந்த வழி?

'கப்பல் வேலை' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள்.

துவாஸ், செம்பவாங் கப்பல் பட்டறைகளில் வெல்டர், ஃபிட்டர், பெயின்டர் வேலை செய்பவர்கள் கப்பலுக்குள் நின்று வேலை பார்த்தாலும் கரை ஊழியர்களே. துறைமுக எல்லைக்குள் ஓடும் டக் போட், பங்கர் பார்ஜ், சப்ளை படகு ஆகியவற்றில் சிங்கப்பூர் நிறுவனத்தின்கீழ் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களும் பெரும்பாலும் இவர்களோடுதான் வருவார்கள். இவர்களுக்கான வழி வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம். 2019ல் இயற்றப்பட்ட இப்போதைய சட்டம் 2020 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. மனிதவள அமைச்சு, அதாவது எம்.ஓ.எம்., இதைக் கவனிக்கிறது.

தூரக் கடலில் ஓடும் டேங்கர், பல்க் கேரியர், கன்டெய்னர் கப்பலில் சைன்-ஆன் செய்து (பணியில் சேர்ந்து) வந்தவருக்கு வழி வேறு. அவருடைய உரிமையின் அடிப்படை கப்பல் பறக்கவிடும் கொடியும் (அது பதிவான நாடு), கையெழுத்திட்ட மாலுமி வேலை ஒப்பந்தமும், அதோடு இணைந்த தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தமும். இவற்றுக்கு மேலே நிற்பது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. எம்.எல்.சி. என்று கப்பலில் சொல்வது இதைத்தான். சிங்கப்பூர் இதை 2011லும் இந்தியா 2015லும் ஏற்றன. சிங்கப்பூர்க் கொடிக் கப்பல்களுக்கு இதற்கென்றே 2014 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. அதைச் செயல்படுத்துவது கடல்துறை, துறைமுக ஆணையம், அதாவது எம்.பி.ஏ. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் கொடியில் ஓடும் கப்பல் சிங்கப்பூரில் நங்கூரமிட்டிருக்கிறது என்பதாலேயே அதில் வேலை செய்பவருக்குச் சிங்கப்பூர் இழப்பீட்டுத் தொகை கிடைத்துவிடாது. ஆனால் அந்தக் கப்பல் இங்கே நிற்கும்வரை எம்.எல்.சி. மீறல் பற்றி எம்.பி.ஏ.வில் புகார் கொடுக்கலாம்.

இரண்டு வகைக்கும் நடுவில் நிற்பவர்களும் உண்டு. சிங்கப்பூர் முதலாளி, வெளிநாட்டுக் கொடி, விபத்து நடந்தது இந்தோனேசியக் கடலில் என்றால் குழப்பம்தான். வழக்கமாகச் சிங்கப்பூரில் வசிப்பவரைச் சிங்கப்பூர் முதலாளி வெளிநாட்டு வேலைக்கு அனுப்பி, அங்கே அவர் காயப்பட்டாலும் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். அதனால் முதலாளி யார், கொடி எது, விபத்து எங்கே நடந்தது, வழக்கமாக எங்கே வசிக்கிறீர்கள் என்ற நான்கையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு எம்.ஓ.எம்.மில் கேளுங்கள். 'கப்பல்காரர்களுக்கு அது கிடையாது' என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

விபத்து நடந்த நாளில் கப்பலில் செய்ய வேண்டியது

வலி தாங்கும் அளவில் இருக்கிறது என்பதற்காகச் சொல்லாமல் இருப்பதுதான் மிகப் பெரிய தவறு. முதுகு, முழங்கால், தோள்பட்டைக் காயங்கள் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் முழு வேகத்தில் வலிக்கும். அதற்குள் பதிவு இல்லையென்றால், 'ஜிம்மில் பிடித்துக்கொண்டது, பழைய வலி' என்று கம்பெனி சொல்லும். அன்றைக்கே போசனிடம் (டெக் ஆட்களின் தலைவர்) சொல்லுங்கள். பிறகு சீஃப் ஆபீசரிடமோ செகண்ட் இன்ஜினியரிடமோ சொல்லி, மருந்துப் பெட்டியைக் கவனிக்கும் ஆபீசரின் மெடிக்கல் லாக்கில் ஏற்றச் சொல்லுங்கள். தலைவலி மாத்திரை வாங்கினால்கூட, எதற்காக வாங்கினீர்கள் என்று அதில் எழுதப்பட வேண்டும்.

விபத்து அறிக்கையின் வாசகம் முக்கியம். 'வேலையின்போது தவறி விழுந்ததில் முதுகுவலி' என்று எழுதினால் அது உங்கள் கவனக்குறைவாகப் படிக்கப்படும். எழுத வேண்டிய விதம் இது: 'இரவு 21:40. எஞ்சின் அறை, இரண்டாம் தளத்திலிருந்து பியூரிஃபையர் அறைக்கு இறங்கும் படி. மேலிருந்து மூன்றாவது படியில் எண்ணெய். கைப்பிடிக் கம்பி ஆடிக்கொண்டிருந்தது. சுமார் 20 கிலோ எடையுள்ள வால்வைத் தூக்கி இறங்கும்போது வலது கால் வழுக்கி, இடுப்பின் கீழ்ப்பகுதி படியில் மோதியது. உடனே வலது காலில் மரத்த உணர்வு. அருகில் இருந்தவர் ஆயிலர்.' நேரம், இடம், என்ன வேலை, யார் சொன்ன வேலை, எது பழுது, உடம்பில் எந்த இடம், எந்தப் பக்கம், யார் பார்த்தார் ஆகியவை வந்துவிட்டால் போதும். ஊகமும் கோபமும் வேண்டாம். ஆங்கிலம் வராவிட்டால் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டு, மொழிபெயர்ப்பைத் தனியாக இணைக்கலாம். மற்றவர் ஆங்கிலத்தில் எழுதியதைப் புரியாமல் கையெழுத்திடக் கூடாது.

அன்றே சேர்க்க வேண்டியவை:

- வழுக்கிய படி, அறுந்த கயிற்றின் முனை, உடைந்த பாதுகாப்புத் தடுப்பு ஆகியவற்றின் படங்கள். தேதியும் நேரமும் தெரிய வேண்டும். சுத்தம் செய்வதற்கு முன்னால் எடுங்கள்.
- அந்த வேலையைத் தொடங்கக் கப்பலில் தந்த அனுமதிப் படிவம் (பெர்மிட் டு வொர்க்), டூல்பாக்ஸ் மீட்டிங் (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்) தாள், ஆபத்து மதிப்பீடு ஆகியவற்றின் படம்.
- உங்கள் ஓய்வு நேரப் பதிவு. எம்.எல்.சி. ஓய்வு நேரக் கணக்கில் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணியும், 7 நாளில் 77 மணியும் ஓய்வு தர வேண்டும். பதிவில் ஓய்வென்று காட்டிய நேரத்தில் நீங்கள் மூரிங் ஸ்டேஷனில் நின்றிருந்தால், டெக் லாக் (கப்பலின் பணிக் குறிப்பேடு) அதைக் காட்டிக்கொடுக்கும்.
- சாட்சிகளின் ஊர் முகவரி, வாட்ஸாப் எண். சைன்-ஆஃப் ஆனபின் (கப்பலை விட்டு இறங்கியபின்) அவர்களைத் தேடுவது பெரும்பாடு.
- மெஸ் அறையில் ஒட்டியிருக்கும் எம்.எல்.சி. நிதிப் பாதுகாப்புச் சான்றிதழின் படம். இது ஏன் என்று கீழே வருகிறது.

பைலட் (கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்துபவர்) ஏறிய நேரத்திலோ மூரிங் நேரத்திலோ விபத்து என்றால், பிரிட்ஜ் உத்தரவுகள் பயணத் தரவுப் பதிவியில் இருக்கும். பழைய கருவிகள் 12 மணி நேரத்தையே வைத்திருக்கும். 2014 ஜூலைக்குப் பின் பொருத்தப்பட்டவை 30 நாள் வரை வைத்திருக்கும். பதிவைச் சேமிக்கும்படி கேப்டனுக்கு எழுத்தில் கேளுங்கள். சிசிடிவி இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சிங்கப்பூரில் கரையிறங்குதல்

துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது தாமதமின்றி மருத்துவரைப் பார்ப்பது மாலுமியின் உரிமை. உடனடிச் சிகிச்சை தேவைப்படுபவரைத் துறைமுக நாடு விரைவாகக் கரையிறக்க வேண்டும் என்ற திருத்தமும் 2024 டிசம்பர் 23 முதல் நடப்பில் இருக்கிறது. குடிநுழைவு அனுமதி, படகு, மருத்துவமனை உத்தரவாதக் கடிதம் எல்லாவற்றையும் கப்பலின் உள்ளூர் ஏஜெண்ட் ஏற்பாடு செய்வார். 'நங்கூரத்தில் இருக்கிறோம், படகு இல்லை' என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஈஸ்டர்ன், வெஸ்டர்ன் நங்கூரப் பகுதிகள் இரண்டுக்கும் படகு ஓடுகிறது.

மருத்துவரிடம் சொல்லும் முதல் வாக்கியம் கோப்பில் நிரந்தரமாகப் பதியும். 'வேலையில், இந்தத் தேதியில், இப்படி' என்று சொல்லுங்கள். கூட வரும் ஏஜெண்டோ சூப்பர்வைசரோ உங்களுக்காகப் பேசினால், நீங்களும் பேசுங்கள். தமிழில் விளக்க ஆள் வேண்டும் என்று கேட்கலாம். முதுகு, மூட்டுக் காயங்களில் 'வயதால் வந்த தேய்மானம்' என்ற வாசகம் அறிக்கையில் வந்துவிட்டால் கம்பெனி அதையே பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே தேய்மானம் இருந்திருந்தாலும், விபத்து அதை மோசமாக்கியதா என்று மருத்துவரிடம் நேராகக் கேட்டு, அவர் கருத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்களின் பிரதியை டிஸ்சார்ஜ் நாளிலேயே வாங்குங்கள். ஊருக்குப் போனபின் கேட்டு வாங்குவது பெரும் சிரமம்.

சைன்-ஆஃப் காரணத்தைப் பாருங்கள். 'மருத்துவக் காரணம்' என்று இருக்க வேண்டும். 'சொந்த விருப்பம்' என்றோ 'ஒப்பந்தக் காலம் முடிந்தது' என்றோ இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். திருத்த மறுத்தால், உங்கள் கைப்பட மறுப்பு எழுதிப் படம் எடுத்துக்கொண்ட பின்பே கையெழுத்திடுங்கள். அந்த ஒரு வரியை வைத்து முழுக் கோரிக்கையையும் மறுக்கப் பார்ப்பார்கள்.

சிகிச்சை நடக்கும்போது வர வேண்டிய பணம்

பட்டறை, துறைமுகப் படகு ஊழியருக்குச் சராசரி மாத வருமானத்தின் அடிப்படையில் எம்.சி. (மருத்துவ விடுப்பு) சம்பளம். வெளிநோயாளி எம்.சி.யில் முதல் 14 நாளுக்கும், மருத்துவமனை விடுப்பில் முதல் 60 நாளுக்கும் முழுத் தொகை. அதற்குமேல் விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. அறுவைக்குப் பின் அறையில் ஓய்வெடுக்கும் நாட்களையும் மருத்துவர் மருத்துவமனை விடுப்பாக எழுத முடியும். சாதாரண எம்.சி. எழுதிவிட்டால் 15ஆம் நாளிலிருந்தே சம்பளம் குறையும். ஆகவே எம்.சி. தாளில் எந்த வகை என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். 'லைட் டியூட்டி' கொடுத்துச் சம்பளத்தைக் குறைத்தால் அந்த வித்தியாசமும் முதலாளியின் பொறுப்பு.

சராசரி வருமானம் என்பது அடிப்படைச் சம்பளம் மட்டுமில்லை. விபத்துக்கு முந்தைய 12 மாத ஓவர்டைமும் வழக்கமான அலவன்ஸும் சேரும். ஓவர்டைமைக் கையில் ரொக்கமாக வாங்கி, சம்பளச் சீட்டில் காட்டாமல் விட்டவர்களுக்கு இங்கேதான் அடி விழும். வங்கிப் பதிவு, டைம் கார்டு, சூப்பர்வைசர் அனுப்பிய ஓவர்டைம் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

ஆழ்கடல் மாலுமிக்கு எம்.எல்.சி. சொல்லும் குறைந்தபட்சம்: கப்பலில் இருக்கும்வரை அல்லது ஊர் சேரும்வரை முழுச் சம்பளம், பிறகு குணமாகும்வரை ஒப்பந்தம் சொல்லும் அளவு. இதையும் மருத்துவச் செலவையும் நாட்டுச் சட்டம் 16 வாரத்துக்குக் குறையாத ஒரு வரம்புக்குள் அடக்கலாம். ஐ.டி.எஃப். (சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம்) ஏற்ற கூட்டு ஒப்பந்தங்களில் ஊர் திரும்பியபின் 130 நாள் வரை அடிப்படைச் சம்பளம் என்பது வழக்கமான விதி. உடன் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் தோழர்கள் 120 நாள், 240 நாள், 3 நாளுக்குள் கம்பெனி டாக்டர் என்றெல்லாம் சொல்வார்கள். அது அவர்கள் நாட்டு விதி. உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய உங்களைக் கட்டுப்படுத்தாது.

சதவீதம்: எல்லாம் தீர்மானமாகும் இடம்

காயம் ஆறி, இனி மேம்பாடு இல்லை என்ற நிலையில்தான் நிரந்தர இயலாமை மதிப்பிடப்படும். சிங்கப்பூர்ச் சட்டத்தில் விபத்திலிருந்து 6 மாதத்துக்குப் பிறகும் நிலை உறுதியாகவில்லை என்றால், அப்போதைய நிலையை வைத்தே மதிப்பிடலாம். அதனால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

தொகை மூன்று எண்களின் பெருக்கல்: சராசரி மாத வருமானம், வயதுக்கான காரணி, இயலாமைச் சதவீதம். இதற்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் உண்டு. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு முழு இயலாமையின் கீழ்வரம்பு 116,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மேல்வரம்பு 346,000 வெள்ளி. அதற்கு முன் 97,000, 289,000. இயலாமை 20 சதவீதம் என்றால் வரம்புகளும் அதே விகிதத்தில் குறையும்: புதிய கணக்கில் 23,200 முதல் 69,200 வெள்ளி வரை. சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் 23,200க்குக் கீழே போக முடியாது. மருத்துவச் செலவு 53,000 வெள்ளி அல்லது விபத்திலிருந்து ஓராண்டு, எது முதலில் முடிகிறதோ அதுவரை.

மதிப்பீட்டு அறிவிப்பு கையில் கிடைத்ததும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்சேபம் தெரிவிக்க 14 நாள்தான். தங்குவிடுதி முகவரிக்குப் போன கடிதம் வேறொருவரின் மேசையில் கிடந்து, 14 நாளும் ஓடிப்போக விடாதீர்கள். முகவரி மாறினால் அன்றே தெரியப்படுத்துங்கள்.

ஆழ்கடல் மாலுமிக்கு எம்.எல்.சி. எந்த டாலர் தொகையையும் நிர்ணயிக்கவில்லை. தொகை உங்கள் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருக்கும் அட்டவணையில்தான். ஐ.டி.எஃப். வகை ஒப்பந்தங்களில் 50 சதவீதமும் அதற்கு மேலும் இயலாமை என்றால் முழுத் தொகை. 50க்குக் குறைவாக இருந்தாலும், இனி எந்தப் பதவியிலும் கடல் வேலைக்குத் தகுதியில்லை என்று கம்பெனி மருத்துவர் சான்றளித்தால் அப்போதும் முழுத் தொகை. இந்த இரண்டாவது வரியைப் படிக்காமல் 18 சதவீதத்துக்குக் காசோலை வாங்கிக்கொண்டு போவது பெரிய இழப்பு. கம்பெனி மருத்துவரோடு உங்கள் மருத்துவர் முரண்பட்டால் இரு தரப்பும் சேர்ந்து மூன்றாவது மருத்துவரைத் தேர்ந்தெடுக்கலாம். அவர் முடிவே இறுதி. 'கை 30 சதவீதம் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதும் மருத்துவரைவிட, 'வாட்ச் நிற்க முடியாது, ஏணி ஏற முடியாது, உயிர்காப்புப் படகை இயக்க முடியாது' என்று எழுதும் மருத்துவர்தான் உங்களுக்கு உதவுவார்.

கோரிக்கை வைக்கும் முறை

வேலையிடக் காய இழப்பீட்டில், விபத்து தெரிந்த 10 நாளுக்குள் முதலாளி எம்.ஓ.எம்.முக்கு அறிவிக்க வேண்டும். அவர் செய்யாவிட்டால் நீங்களே அறிவிக்கலாம். கோரிக்கைக்கு விபத்திலிருந்து ஓராண்டு அவகாசம். யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. மது, போதை, சண்டை, வேண்டுமென்றே செய்துகொண்ட காயம் ஆகியவை விலக்கு. உடலுழைப்பு ஊழியர் எல்லாருக்கும் முதலாளி காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டாலும் அவர் கொடுக்கும் பொறுப்பு போய்விடாது. காப்புறுதி இருந்தால் கோரிக்கையை நடத்துவது காப்புறுதி நிறுவனமே. முதலாளியின் கவனக்குறைவு தெளிவாக இருந்து சேதமும் பெரிது என்றால், இதை விட்டுவிட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். அதற்கு 3 ஆண்டு அவகாசம். இரண்டையும் ஒன்றாக நடத்த முடியாது. தோற்றால் கையில் எதுவும் மிஞ்சாமல் போகலாம் என்பதால் வழக்கறிஞரிடம் நிதானமாகக் கேட்டுத்தான் இதில் இறங்க வேண்டும்.

ஆழ்கடல் மாலுமியின் கோரிக்கைக் கடிதம் கப்பல் உரிமையாளர், மேலாண்மை நிறுவனம், ஊரிலுள்ள மேனிங் ஏஜெண்ட் (கப்பலுக்கு ஆளெடுத்து அனுப்பும் முகவர்) ஆகிய மூவருக்கும் ஒரே நாளில் போக வேண்டும். இங்கேதான் மெஸ்ஸில் எடுத்த சான்றிதழ்ப் படம் உதவும். பி அண்ட் ஐ கிளப்புகளின் (கப்பல் உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தும் காப்புறுதி அமைப்புகள்) சாதாரண விதி, உரிமையாளர் முதலில் கொடுத்தால்தான் கிளப் அவருக்குத் திருப்பித் தரும் என்பது. உரிமையாளர் திவாலானால் மாலுமி நடுவில் தொங்குவார். 2017 ஜனவரி 18 முதல் நடப்பில் உள்ள எம்.எல்.சி. திருத்தம் இதை மாற்றியது. மரணம், நீண்டகால இயலாமைக்கான ஒப்பந்தத் தொகையை மாலுமி சான்றிதழில் உள்ள நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்கலாம். படம் எடுக்கவில்லையா? கப்பலின் 7 இலக்க ஐ.எம்.ஓ. எண்ணை வைத்து ஈக்வாசிஸ் தளத்தில் உரிமையாளரையும் கிளப்பையும் இலவசமாகப் பார்க்கலாம்.

அதே திருத்தம் சொல்லும் மற்றவை: தொகையை முழுமையாக, தாமதமின்றித் தர வேண்டும். குறைத்து வாங்கும்படி அழுத்தம் தரக் கூடாது. முழுத் தொகை கணக்கிட நாளாகும் என்றால், குடும்பம் கஷ்டப்படாமல் இடைக்காலத் தொகை தர வேண்டும். இந்த வரிகளைக் கடிதத்திலேயே எடுத்தெழுதுங்கள்.

கையெழுத்துக்கு முன்

பணம் தரும் நாளில் ஒரு ரசீதை நீட்டுவார்கள். 'முழு, இறுதித் தீர்வு; இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அதில் இருந்தால் நிறுத்துங்கள். எம்.எல்.சி.யின் மாதிரி ரசீதுப் படிவம், ஒப்பந்தத் தொகையைப் பெற்றாலும் கவனக்குறைவு போன்ற மற்றச் சட்ட உரிமைகள் பாதிக்கப்படாது என்று சொல்கிறது. அந்தப் படிவத்தையே கேளுங்கள். விமான டிக்கெட், பாஸ்போர்ட், மீதிச் சம்பளம் ஆகியவற்றைக் காட்டி இந்தக் கையெழுத்தை வாங்கப் பார்ப்பது பழைய உத்தி. ஊர் திரும்பும் செலவும் ஏற்கெனவே உழைத்த சம்பளமும் எந்தக் கையெழுத்தும் இல்லாமல் கிடைக்க வேண்டியவை.

மருத்துவமனை வாசலிலும் தேக்காவிலும் (லிட்டில் இந்தியா) 'இத்தனை சதவீதம் கொடு, முடித்துத் தருகிறேன்' என்று வரும் தரகர்களை விலக்குங்கள். சிங்கப்பூர் நீதிமன்ற வழக்குகளில் வெற்றித் தொகையில் பங்கு கேட்கும் கட்டணத்துக்கு வழக்கறிஞர்களுக்கே அனுமதி இல்லை.

மறுத்தால் யாரிடம் போவது

வேலை அனுமதிக்காரர்கள் எம்.ஓ.எம்., வெளிநாட்டு ஊழியர் நிலையம், ஊழியர்களுக்கு உதவும் தொண்டு அமைப்புகளான டி.டபிள்யூ.சி.2, ஹோம், ஹெல்த்சர்வ் ஆகியவற்றை நாடலாம். வேலை அனுமதி ரத்தானாலும் கோரிக்கை ரத்தாகாது. அது முடியும்வரை இங்கே தங்க ஸ்பெஷல் பாஸ் (தற்காலிகத் தங்கல் அனுமதி) தரப்படலாம். மாலுமிகள் தங்கள் சங்கத்தையோ, இங்குள்ள ஐ.டி.எஃப். அலுவலகத்தையோ நாடலாம். இந்திய மாலுமிகளுக்கு நுசி, எம்.யு.ஐ. போன்ற சங்கங்கள் உண்டு. மேனிங் ஏஜெண்ட் மீதான புகார் மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்குப் போகும்.

கப்பலின் பழுதாலோ உரிமையாளர் தரப்பின் கவனக்குறைவாலோ காயம் என்றால், சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் கப்பலையே கைது செய்ய உத்தரவிடலாம். இது வலுவான ஆயுதம். ஆனால் கப்பல் சிங்கப்பூர்க் கடலில் நிற்கும்போதுதான் பலிக்கும். பங்கர் நிரப்ப வரும் கப்பல் சில மணி நேரத்தில் போய்விடும். ஆகவே அடுத்து எப்போது வரும் என்பதை ஏ.ஐ.எஸ். தளங்களில் (கப்பல்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் இணையத் தளங்கள்) கவனித்து, வழக்கறிஞரிடம் ஆவணங்களை முன்னாலேயே கொடுத்து வைக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பினாலும் கோரிக்கை தொடரும். போவதற்கு முன் ஊர் முகவரி, மின்னஞ்சல், உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை எம்.ஓ.எம்.முக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். ஏஜெண்டின் கணக்கையோ சூப்பர்வைசரின் கணக்கையோ கொடுக்காதீர்கள். அடுத்த மருத்துவப் பரிசோதனை எங்கே, யார் செலவில் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறுங்கள்.